பாப்பா அறைக்குப் போன தணல்

அன்பு மச்சான் சேகர்,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் சிரிப்பாய். அப்படிக் கேட்காமல் ஒரு கடிதத்தை ஆரம்பிக்கவும் எனக்குத் தெரியவில்லை. நீ தாத்தா ஆகிவிட்டாய். பெண் குழந்தை. நிறம் உன் மகள் கவிதாவின் நிறம், மூக்கு மட்டும் உன் மூக்கு, அதே அகலம். பாவம் பிள்ளை, என்ன செய்வது? இன்னும் பேர் வைக்கவில்லை. பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம்.

இந்த நல்ல செய்தியோடு நிறுத்திக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் பாப்பா பிறந்த கையோடு உன் பிறந்த நாளும் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை உன் கிள்ளான் வீட்டில் நடந்ததை உன்னிடம் சொல்லாதவரை எனக்குச் சாப்பாடு இறங்காது போலிருக்கிறது. கடையில் சேலையைப் பிரித்துக் காட்டும்போது பாதியிலேயே நின்றுவிடுகிறேன். போன வாரம் ஒரு அம்மா, உடம்பு சரியில்லையா அண்ணே என்று கேட்டுவிட்டு வாங்காமலே போய்விட்டார்.

உன் வருஷத் திதி முடிந்த கொஞ்ச நாளில் உன் மகன் விக்னேஷ் எனக்கு போன் பண்ணினான். அப்பா பிறந்த நாளுக்கு அப்பா மாதிரியே வீட்டு முன்னால் பார்பெக்யூ போடப்போகிறோம், மாமா நீங்கள் கட்டாயம் வரணும் என்றான். இந்த வெயிலில் நெருப்பா என்று கேட்டேன். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பும் உன்னுடையதுதான்.

இந்த வருஷ வெயிலை நீ பார்க்கவில்லை. பிரிக்பீல்ட்ஸில் மத்தியானம் ரோட்டைக் கடந்து சாப்பிடப் போகவே ஆட்கள் யோசிக்கிறார்கள். பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளைத் திடலுக்கு விடுவதில்லை. உங்கள் தாமான் வீட்டு வரிசைகளுக்குப் பின்னால் இருக்கிற காலி நிலத்தில் லாலாங் புல் மொத்தமும் காய்ந்து கிடக்கிறது. யாரோ சிகரெட்டைப் போட்டு ஒரு மூலை கருகியே போயிருக்கிறது. அந்தக் காற்றில் இவர்கள் தணல் மூட்டி கோழி சுடப்போகிறார்களாம். அதுவும் பச்சைப் பிள்ளைக்காரி ஒருத்தி வீட்டுக்குள் படுத்திருக்கும்போது!

மல்லிகா தடுப்பாள் என்று நம்பினேன். என் தங்கையை எனக்குத் தெரியாதா? பாப்பா குளிக்கிற தண்ணீரை முழங்கையில் தொட்டுப் பார்த்து, பிறகு என் முழங்கையிலும் தொட்டுப் பார்க்கச் சொல்கிறவள். அவளே போனை வாங்கி, "செய்யட்டும் அண்ணே. அவரு பொறந்த நாள் அன்னிக்கு வீடு சும்மா கெடந்தா என்னால தாங்க முடியாது" என்றாள்.

நான் பயந்தவன் என்பது ஊருக்கே தெரியும். கடை சாத்தும்போது எல்லாச் சுவிட்சையும் தொட்டுப் பார்த்துவிட்டு, படி இறங்கி, மறுபடியும் ஏறிப்போய்த் தொட்டுப் பார்ப்பேன். பேப்பரில் விபத்துச் செய்தியைத்தான் முதலில் படிப்பேன். கல்யாணம்கூடப் பயத்தில்தான் பண்ணிக்கொள்ளவில்லை என்று நீ உன் துறைமுக நண்பர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தாய். தீயணைப்புக்காரர்களைச் சொல்கிற பொம்பா என்ற பேரை எனக்கு வைத்தவனும் நீதானே? நான் கேட்டைத் திறக்கும்போதே, "பொம்பா வந்துட்டாரு, தண்ணிக் கொழாய எடுத்துக் குடுங்க" என்று கத்துவாய். இப்போது உன் பிள்ளைகளுக்கும் நான் பொம்பா மாமாதான்.

ஆனால் நீ நெருப்பு மூட்டிய லட்சணத்துக்கு யாராக இருந்தாலும் பயந்திருப்பார்கள். இரும்பு டிரம்மை நடுவில் அறுத்துக் கால் வைத்த அந்த அடுப்பை, கூரைக்குக் கீழே, காருக்கு ஒரு முழம் தள்ளி வைப்பாய். கரி பிடிக்கவில்லை என்றால் பொறுமை கிடையாது. மண்ணெண்ணெய்ப் போத்தலை எடுத்துத் தணலின் மேலேயே ஊற்றுவாய். ஒரு தரம் தீ குப்பென்று ஏறி உன் ஒரு பக்கப் புருவத்தைத் தின்றுவிட்டது. நீ கண்ணாடியில் பார்த்துவிட்டு, இன்னொரு பக்கத்தையும் எடுத்துவிட்டால் சமமாகப் போய்விடும் என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உன் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது மச்சான். நெருப்பால் உனக்கு ஒன்றும் ஆகவில்லை, சரி. நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தாயே, அன்றைக்கு எத்தனை தடவை சொன்னேன், ஆஸ்பத்திரிக்குப் போவோம் வா என்று? "காஸ்ட்ரிக் லா மச்சான், நீ வேற" என்று சொல்லிவிட்டு ஏப்பம் விட்டுக் காட்டினாய். மறுநாள் காலையில் மல்லிகாவின் போன் வந்தது. இந்த ஞாயிறு வரைக்கும், நான் பயந்தபடியே நடந்த ஒரே சமயம் அதுதான். ஆயுசு முழுக்கக் கேலிப் பேச்சே கேட்டுக்கொண்டு இருந்திருக்கலாம், நீ இருந்திருந்தால்.

சரி, அந்த ஞாயிறுக்கு வருகிறேன். காலையிலேயே சென்ட்ரலில் கோமுட்டர் ரயில் ஏறிவிட்டேன். கிள்ளான் போய்ச் சேரும் வரை மனசுக்குள் வீட்டின் முன்பக்கத்தைத்தான் சுற்றிச் சுற்றி வந்தேன். போனதும் பையைக்கூட வைக்கவில்லை. விக்னேஷின் காரை ரோட்டில் நிறுத்தச் சொன்னேன். டிரம்மைக் கூரையிலிருந்து வெளியே, வேலியிலிருந்தும் தள்ளி, சமமான சிமெண்டுத் தரையில் வைக்கச் சொன்னேன். அடுக்களைக்கு வெளியே இருந்த மாற்று காஸ் சிலிண்டர் தோம்பைத் தூக்கி வீட்டின் பின்பக்கம் கொண்டுபோனேன். குழாயை மாட்டி, தண்ணீர் வருகிறதா என்று திறந்து பார்த்தேன். பக்கத்து வீட்டு லிம் அங்கிள் தன் பூந்தொட்டிக்கு வைத்திருந்த மணலில் ஒரு வாளி கேட்டு வாங்கினேன். அந்த மனிதர் எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. என்னை அவருக்கும் தெரியும்.

மண்ணெண்ணெய்ப் போத்தலை ஒளித்து வைத்தேன். நெருப்புப் பிடிக்க வைக்கும் கட்டிகள் கடையில் விற்கிறார்கள், அதை நானே வாங்கிப் போயிருந்தேன். பச்சைக் கோழி வைத்த தட்டில் வெந்த கோழியை வைக்கக் கூடாது, இடுக்கி இரண்டு வேண்டும், தொளதொளச் சட்டை போட்டவன் கிட்டே வரக் கூடாது என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். விக்னேஷின் நண்பர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்கள். "மாமா, யூ ரிலேக்ஸ் லா. நாங்க கோழிதான் சுடுறோம், வீட்டைக் கொளுத்தல" என்றான் உன் மகன். ஆனாலும் சொன்னதையெல்லாம் செய்தான். நல்ல பிள்ளை அவன்.

உண்மையைச் சொல்கிறேன், எல்லாம் அழகாக நடந்தது. கரி நிதானமாகப் பிடித்து வெளுத்தது. மஞ்சளும் கறிவேப்பிலையும் அரைத்துத் தடவின உன் கோழியை மல்லிகா அப்படியே செய்திருந்தாள். வாழையிலையில் சுற்றின பாரி மீன், இறால், சோளம் எல்லாம் இருந்தது. உன் படத்துக்கு முன்னால் முதல் துண்டை வைத்தார்கள். கவிதா பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை வந்து எட்டிப் பார்த்தாள். புகை படும், உள்ளே போ என்று துரத்தினேன். அவள் கணவனுக்கு ஜொகூரில் வேலை, அந்த வாரம் லீவு கிடைக்கவில்லை. வீடியோ காலில் கோழியைக் காட்டி அவனை அழ வைத்துக்கொண்டிருந்தார்கள்.

சாயந்தரம் வானம் இருட்டியது. அவ்வளவு நாள் காய்ந்த வானம், அன்றைக்குப் பார்த்து ஒரேயடியாகக் கொட்டியது. பையன்கள் கோழியைக் காப்பாற்ற டிரம்மைத் தள்ளிக்கொண்டு கூரைக்குக் கீழே வந்துவிட்டார்கள். சாரல் அடிக்கிறது என்று முன்பக்கத்து பிளாஸ்டிக் திரைகளையும் இறக்கப் பார்த்தார்கள். அங்கேதான் நான் சத்தம் போட்டேன். மூன்று பக்கமும் அடைத்துக்கொண்டு உள்ளே கரியை வைத்தால் மூச்சு முட்டிச் சாவீர்கள், திரையைத் தூக்கு என்றேன். தூக்கினார்கள். வீட்டு முன் கதவையும் சாத்தினேன். எல்லாரும் நனைந்துகொண்டே சாப்பிட்டோம். எனக்கு அப்போதுதான் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. நல்லபடியாக முடித்துவிட்டோம் என்று நினைத்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

டிரம்மில் தீ இல்லை. புகையும் இல்லை. மேலே சாம்பல் பூத்து, அணைந்த மாதிரிதான் கிடந்தது. தண்ணீர் ஊற்றலாமா என்று விக்னேஷ் கேட்டான். தண்ணீர் ஊற்றினால் ஆவி அடித்துக் கை வெந்துவிடும், மழை விடட்டும், பிறகு மணலைப் போடுவோம் என்றேன். இரண்டாவது தட்டு கோழி வாங்கிக்கொண்டேன்.

பையன்கள் மழையோடு மழையாகக் கிளம்பிப் போனார்கள். நான் இடுக்கியை எடுத்து வைக்கப் போனபோதுதான் பார்த்தேன். டிரம்மின் ஒரு ஓரத்தில் சாம்பல் கலைந்து, அடியில் கருப்பாக இரும்பு தெரிந்தது. யாரோ கரியை அள்ளியிருக்கிறார்கள். நீ எடுத்தாயா என்று விக்னேஷைக் கேட்டேன். இல்லை மாமா, ஏன் என்றான். வீட்டுக்குள்ளிருந்து சாம்பிராணி வாசனை வந்தது.

அது என்ன புதுசா? பிள்ளை பெற்ற வீட்டில் சாயந்தரம் குளிப்பாட்டினதும் சாம்பிராணி போடுவார்கள். உன் மனைவியும் தினமும் போடுகிறாள். அடுப்பில் ஒரு சின்னக் கரித்துண்டைச் சுட்டு, தூபக்காலில் வைத்து, பொடியைத் தூவி, பாப்பாவைச் சுற்றிக் காட்டிவிட்டு உடனே வெளியே கொண்டுவந்து விடுவாள். நான் பார்த்திருக்கிறேன். மனசைத் தேற்றிக்கொண்டுதான் அடுக்களைக்குப் போனேன். மல்லிகா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தூபக்கால் சாமி மேடையில் காலியாக இருந்தது.

கரி எங்கே என்று கேட்டேன்.

"உள்ள இருக்கு அண்ணே. மண்சட்டியில போட்டு வெச்சிருக்கேன்" என்றாள். அன்றைக்கு அவள் முகம் நன்றாக இருந்தது மச்சான். நீ போன பிறகு அப்படிப் பார்த்ததே இல்லை. "அவரு பொறந்த நாள் நெருப்பு இல்லையா? பாப்பா தாத்தாவப் பாக்கவே இல்ல. அந்தத் தணலாவது அவ ரூம்ல கொஞ்ச நேரம் இருக்கட்டுமேன்னு வெச்சேன். மழைக்கு ஜில்லுனு வேற இருக்கு. ரெண்டு பேரும் நல்லா தூங்குறாங்க."

நல்லா தூங்குறாங்க என்றதுதான் என் காதில் விழுந்தது. ஜன்னல் திறந்திருக்கிறதா என்றேன். பிள்ளைக்காரிக்கு மழைக்காற்று ஆகுமா, சாத்தித்தான் இருக்கிறது என்றாள். கதவுக்கு அடியில் பழைய துண்டை அடைத்திருக்கிறாளாம். அந்த அறையில் மேலே காற்றுத் துவாரம் இருந்ததே, அதை ஏர்கான் மாட்டும்போது பலகை வைத்து அடைத்தது யார்? குளிர் வெளியே போகக் கூடாது என்று ஏணியில் ஏறி, மூலை முடுக்கெல்லாம் பசை பூசினாயே, ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு ஏர்கானையும் நிறுத்தியிருந்தார்கள்.

பேப்பரில் எப்போதோ படித்தது நினைவுக்கு வந்தது. வேனுக்குள் கரியடுப்பு வைத்துவிட்டுத் தூங்கியவர்கள். அவர்களை நெருப்பு தொடவே இல்லை. அறைக் கதவுக்கு முன்னால் போய் நின்றேன். பிள்ளை பெற்றவள் படுத்திருக்கிற அறை, பால் கொடுத்துக்கொண்டிருப்பாளோ என்னவோ, ஆம்பளை நான் எப்படித் திறப்பது? காலையிலிருந்து எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். இப்போது தூங்குகிற பிள்ளையையும் எழுப்பிவிட்டு, ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டால்? கவிதா என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. இன்னொரு தரம் சத்தமாகக் கூப்பிட்டேன். "தலை வலிக்குது மாமா" என்று குரல் குழறி வந்தது.

கதவைத் தள்ளினேன். துண்டு மாட்டிக்கொண்டு பாதிதான் திறந்தது, தோளைக் கொடுத்து இடித்தேன். உள்ளே கண்ணுக்குத் தப்பாக எதுவுமே தெரியவில்லை மச்சான். புகை கிடையாது. வெதுவெதுப்பாக, சாம்பிராணி மணத்தோடு, கோயில் மாதிரி இருந்தது. மூலையில் மண்சட்டியில் தணல் மெல்லச் சிவந்துகொண்டிருந்தது. கவிதா எழுந்து உட்காரப் பார்த்தாள். கால் நிற்கவில்லை, கட்டிலைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். நான் பாப்பாவைத் தூக்கினேன். அவ்வளவு அசைத்துத் தூக்கியும் பிள்ளை அழவில்லை. தலை என் கையில் துவண்டது.

பிள்ளையைத் தூக்கவே பயப்படுகிறவன் நான். கீழே போட்டுவிடுவேனோ என்று பாப்பா பிறந்ததிலிருந்து ஒரு தரம்கூட வாங்கவில்லை. அன்றைக்கு எப்படித் தூக்கினேன், எப்படி வாசலைத் தாண்டினேன் என்று தெரியாது. கூரைக்குக் கீழே டிரம் நிற்கிறது என்பது மட்டும் நினைவிருந்தது, அங்கே நிற்காமல் கேட்டைத் தாண்டி மழைக்கே போய்விட்டேன். விக்னேஷ் கவிதாவைத் தூக்கிக்கொண்டு வந்தான். மல்லிகா நடுக்கூடத்தில் நின்றுகொண்டு, "என்ன அண்ணே, என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். சட்டியைத் தூக்கப் போனாள். அதை விடு, நீ வெளியே வா என்று கத்தினேன். லிம் அங்கிள் குடையோடு ஓடி வந்தார். எங்களைப் பார்த்ததும் குடையை என் கையில் திணித்துவிட்டுக் காரை எடுக்கப் போனார்.

மழைத்துளி முகத்தில் பட்டதாலோ, காற்று பட்டதாலோ, காரில் ஏறும்போது பாப்பா ஒரு முனகல் முனகினாள். பூனைக்குட்டி சத்தம் மாதிரி. ஆஸ்பத்திரி போகிற வழியெல்லாம் இன்னொரு தரம் முனகு, இன்னொரு தரம் முனகு என்று கெஞ்சிக்கொண்டே போனேன். வழியில் சிக்னல்களெல்லாம் சிவப்பு. அந்த வேளையில் உன்னையும் திட்டினேன். சாமியையும் திட்டினேன்.

ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு சின்ன வயசு மலாய் டாக்டர். நான் அரைகுறை மலாயில் கரிக்கு அராங், அறைக்கு பீலிக் என்று உளறியதும் அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. வேறு எதுவும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். பாப்பாவின் முகத்துக்கு அந்த மூடி பெரிதாக இருந்தது, ஒரு நர்ஸ் கையால் பிடித்துக்கொண்டே நின்றாள். பாப்பாவின் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கின நெஞ்சு மறுபடி ஏறுவதற்குள் என் உயிர் போய்ப் போய் வந்தது.

பிறகு டாக்டர் வெளியே வந்து சொன்னார். கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்று ஒரு வாயு வருமாம். நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தீ அடங்கி, புகை நின்று, இனிப் பயமில்லை என்று நாம் நினைக்கிற தணலிலிருந்தும் அது வந்துகொண்டே இருக்குமாம். மூடின அறையில் தூங்குகிறவர்களுக்கு எழுந்திருக்கவே தோன்றாதாம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்தார். வேண்டாம் டாக்டர், சொல்லாதீர்கள் என்று கையைக் கூப்பினேன்.

பாப்பா அழுதாள் மச்சான். தொண்டையைக் கிழித்துக்கொண்டு, வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதாள். நானும் விக்னேஷும் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதோம்.

இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார்கள். கவிதாவுக்குத் தலைவலி போய்விட்டது. ஜொகூரிலிருந்து மாப்பிள்ளை ஓடி வந்து, லீவைப் பற்றிக் கவலைப்படாமல் கூடவே இருக்கிறான். பாப்பா நன்றாகப் பால் குடிக்கிறாள், என் விரலைக் கொடுத்தால் பிடித்துக்கொள்கிறாள். இன்னும் சில மாதம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்க் காட்ட வேண்டுமாம், மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று வளர வளரத்தான் முழுசாகச் சொல்ல முடியுமாம். விரலைப் பிடிக்கிறாளே, அது போதாதா? வெளிச்சத்தைப் பார்த்துத் திரும்புகிறாளே? யாரிடம் கேட்பது? கடையில் நின்றாலும் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் போனை எடுத்து அவள் வீடியோவைப் பார்க்கிறேன். கண் சிமிட்டுகிறாளா என்று பார்க்கிறேன்.

நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்றும் யோசிக்கிறேன். அன்றைக்கும் சிரித்திருப்பாயா? இல்லை, எனக்கு முன்னால் நீ அந்தக் கதவை இடித்திருப்பாயா? காலையிலிருந்து காரையும் கூரையையும் காஸ் தோம்பையும் காவல் காத்தவன், அந்தச் சட்டி எனக்குப் பின்னால் நடந்து போனபோது கோழி தின்றுகொண்டிருந்தேன். எல்லாரும் என்னைக் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். மல்லிகா பாப்பாவைத் தொட மாட்டேன் என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து சமைப்பாள், துணி துவைப்பாள், பால் போத்தலைக் கொதிக்க வைப்பாள். பிள்ளையைக் கொடுத்தால் மட்டும் கை ஈரமாக இருக்கிறது என்று போய்விடுவாள். கவிதா கெஞ்சிப் பார்த்தாள், கோபித்தும் பார்த்தாள். யாரும் அவளை ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. அவளே சொல்லிக்கொள்கிறாளே, அதை யார் நிறுத்துவது? ஒரு நாள் துணி காயப்போடும்போது என்னிடம், "என் கையாலேயே கொண்டுபோயி வெச்சேன் அண்ணே" என்றாள். நீ போனபோதுகூட என் தங்கையை நான் இப்படிப் பார்க்கவில்லை. பிள்ளையைக் காப்பாற்றிவிட்டு இவளைத் தொலைத்துவிடுவோமோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

நேற்று போயிருந்தேன். மாப்பிள்ளையும் விக்னேஷும் மருந்து வாங்கப் போயிருந்தார்கள். கவிதா குளிக்கப் போகிறேன் என்று பாப்பாவை என் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். வேண்டுமென்றேதான் வைத்தாள், எனக்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில் பாப்பா அழ ஆரம்பித்தாள். எனக்குத் தோளில் சாய்க்கத் தெரியாது, தலையை எப்படித் தாங்குவது என்று தெரியாது. மல்லிகா அடுக்களை வாசலில் நின்றாள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. பார்வை மட்டும் பிள்ளையின் மேலேயே இருந்தது.

"மல்லிகா, வந்து தூக்கு. எனக்குப் பயமா இருக்கு" என்றேன்.

"எனக்கும்தான் பயமா இருக்கு அண்ணே."

"பயத்தோடயே தூக்கு."

நான் யோசித்துச் சொல்லவில்லை மச்சான். வேறு எப்படித் தூக்குவது என்று எனக்கு நிஜமாகவே தெரியாது. அவள் கையைச் சேலையில் துடைத்தாள், இன்னொரு தரமும் துடைத்தாள். வந்து குனிந்து பாப்பாவை வாங்கினாள். தலைக்குக் கீழே விரலை எப்படிக் கொடுக்க வேண்டுமோ அப்படிக் கொடுத்தாள். பாப்பாவின் மூக்கருகே தன் கன்னத்தைக் கொண்டுபோய் வைத்து, மூச்சு வருகிறதா என்று பார்த்தாள். வந்தது. அப்படியே கன்னத்தை எடுக்காமல் நின்று அழுதாள். நான் எழுந்துபோய் எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டேன்.

ஒரு வார்த்தை கொடுக்கிறேன், கேட்டுக்கொள். அடுத்த வருஷமும் உன் பிறந்த நாளுக்கு நெருப்பு மூட்டுவோம். அதை நிறுத்தினால் மல்லிகா தன்னால்தான் நின்றது என்று நினைப்பாள், நிறுத்த விட மாட்டேன். திறந்த வெளியில் மூட்டுவோம். மழை வந்தால் கோழி நனையட்டும். தணல் ஆறி, நான் கையால் தொட்டுப் பார்த்துக் குளிர்ந்த பிறகுதான் சாப்பிட உட்காருவேன். ஒரு துண்டுக் கரிகூட எந்தக் காரணத்துக்காகவும், உனக்காகவும், வாசலைத் தாண்டாது. யார் வேண்டுமானாலும் சிரிக்கட்டும், நான் பயந்துகொண்டே காவல் இருப்பேன். அந்தப் பிள்ளை என்னைக் கேலி பண்ணுகிற வயசு வரைக்கும் வளரட்டும், அதைக் கேட்க நான் இருக்கிறேன்.

மல்லிகாவின் அண்ணன்,
உன் பேத்திக்கு உன் இடத்திலும் தாத்தாவாக நிற்கும்
உன் மச்சான் கோபால்
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்